தனுஷ்கோடி: துறைமுகமாக இருந்த மணல்திட்டு

பாம்பன் தீவின் தென்கிழக்கில் வால்போல நீண்டு மெலியும் மணல்திட்டு தனுஷ்கோடி. அதன் ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக் நீரிணை. அலையடித்துக் கொந்தளிக்கும் மன்னார்ப் பக்கத்தை மீனவர்கள் ஆண் கடல் என்பார்கள். சலனமற்றுக் கிடக்கும் மறுபக்கம் பெண் கடல். இரண்டும் சேரும் அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். விடுதிகளோ மாடிக் கட்டடங்களோ இல்லாத இந்தக் கரையை மனிதக் கை படாத கடற்கரை என்று வருபவர்கள் வியக்கிறார்கள். அந்த வியப்பில் பாதிதான் நியாயம். அறுபது ஆண்டுகளுக்கு முன் இது ஒரு துறைமுக நகரம்.

நகரத்துக்கு வெகுகாலம் முன்பே இது தீர்த்தக் கரை. இராமன் இலங்கைக்கு அணை கட்டிய இடம் என்ற நம்பிக்கையால் சேது எனப் பெயர் பெற்றது. காசி யாத்திரையின் முறையே இந்தக் கரையில்தான் தொடங்குகிறது: சேதுவில் நீராடி, மணல் எடுத்துச் சென்று பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீருடன் திரும்பி வந்து ராமேஸ்வரத்தில் இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு. சேதுவைக் காப்பது அரசர்க்குப் பெருமை. இராமநாதபுரம் மன்னர்கள் சேதுபதி என்றே பட்டம் சூடினர். யாழ்ப்பாண அரசர்கள் தம் காசுகளில் நந்தியோடு 'சேது' என்று பொறித்தனர். ராமேஸ்வரம் கோயிலின் புகழ்பெற்ற மூன்றாம் பிரகாரம் 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முற்றுப்பெற்றது.

நகரத்தை உண்டாக்கியது ரயில். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை போகலாம். அப்போது பாம்பனிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன: ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றது தனுஷ்கோடிக்கு. கப்பலோடு சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் மணல்மேல் எழுந்தன. குடிநீருக்கும் கவலையில்லை. உப்புக் கடல் இருபுறமும் சூழ்ந்திருந்தாலும் மணலைச் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும்; இன்றும் ஊறுகிறது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் அத்தனையையும் முடித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது பேரலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. மொத்தச் சாவு 1,800 வரை இருக்கும் என்று கணக்கிடப்பட்டது. ராமேஸ்வரத்திலிருந்து வரும் வழியில் உள்ள கோதண்டராமர் கோயில் மட்டும் தப்பியது. உடைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்தார்கள். தனுஷ்கோடியைச் சீர்செய்ய எவரும் முனையவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல் பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து ஓடி, இலங்கைப் போர் மூண்ட 1980-களில் நின்றது.

மீனவர்கள் மட்டும் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டார்கள். மின்சாரமும் சாலையும் இல்லாமல் அவர்கள் கழித்த ஆண்டுகள்தான் இன்று மற்றவர் ரசிக்கும் தனிமையின் விலை. 2017 வரை, சாலை முடிந்த முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் ஓடும் வேன்களே கதி. அந்த ஆண்டு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததும் கூட்டம் பெருகியது. இடிந்த மாதா கோயிலும் ரயில் நிலையமும் காட்சிப் பொருளாயின. தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைக் கடக்கும் ரயில்களும் ராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகின்றன.