மின் விலைப்பட்டியல்: யாருக்குக் கட்டாயம், யாருக்கு விலக்கு?

கடையில் கொடுக்கும் ரசீதும் மின் விலைப்பட்டியலும் ஒன்றல்ல. ரசீதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், பிடிஎஃப் கோப்பாக மாற்றினாலும் அது மின் விலைப்பட்டியல் ஆகாது. விற்பனை விவரம் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் ‘மைஇன்வாய்ஸ்’ முறைக்குள் சென்று, சரிபார்க்கப்பட்டு, தனி அடையாள எண்ணைப் பெற வேண்டும். அதன் கியூஆர் குறியீட்டை வருடிப் பார்த்து யாரும் உறுதி செய்துகொள்ளலாம்.

கட்டம் கட்டமாக

2024 ஆகஸ்டு 1: ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல்
2025 ஜனவரி 1: 2.5 கோடி முதல் 10 கோடி வரை
2025 ஜூலை 1: 50 லட்சம் முதல் 2.5 கோடி வரை
2026 ஜனவரி 1: 10 லட்சம் முதல் 50 லட்சம் வரை

தொடக்கத்தில் 1.5 லட்சம் ரிங்கிட்டாக இருந்த விலக்கு வரம்பு, 2025 டிசம்பரில் 10 லட்சமாக உயர்த்தப்பட்டது. புதிதாகச் சேருவோருக்குச் சலுகைக் காலமும் உண்டு.

லாபம் அல்ல, விற்பனை

பலர் தடுமாறும் இடம் இதுதான். 10 லட்சம் என்பது கையில் மிஞ்சும் லாபம் அல்ல, மொத்த விற்பனை. மாதத்துக்குச் சுமார் 83,000 ரிங்கிட், நாளுக்கு ஏறக்குறைய 2,740 ரிங்கிட் விற்றால் அந்த வரம்பைத் தொட்டுவிடலாம். லாபம் குறைவு என்றாலும், கூட்டம் அதிகமுள்ள மளிகைக் கடையோ உணவகமோ இதற்குள் வரக்கூடும்.

கடைக்காரர் கவனத்துக்கு

மைஇன்வாய்ஸ் தளத்தைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. மென்பொருள் வாங்கியே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால் யோசித்து முடிவெடுங்கள். மின் விலைப்பட்டியல் கேட்காத வாடிக்கையாளர்களுக்கு வழக்கம்போல் ரசீது கொடுக்கலாம். அந்த விற்பனைகளை மாத முடிவில் தொகுத்து, 7 நாள்களுக்குள் ஒரே பட்டியலாக அனுப்பினால் போதும். ஆனால், 10,000 ரிங்கிட்டைத் தாண்டும் பரிவர்த்தனைக்குத் தனிப் பட்டியல் தேவை. வாகன விற்பனை, கட்டுமானக் குத்தகை போன்ற சில தொழில்களுக்குத் தொகுக்கும் வசதி கிடையாது.

பட்டியலில் தவறு இருந்தால், சரிபார்க்கப்பட்ட 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். விதியை மீறினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

வாங்குபவர் கவனத்துக்கு

தனிநபர் மின் விலைப்பட்டியல் கேட்கும்போது வரி எண் தெரியாவிட்டால் அடையாள அட்டை எண்ணைக் கொடுக்கலாம். பொருள் வாங்கிய மாதம் முடிவதற்குள் கேட்பது நல்லது. மாத விற்பனையோடு அது தொகுக்கப்பட்ட பிறகு தனியாகப் பெறுவது சிரமம்.

விலக்கு பெற்ற சிறு வணிகர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. விலக்கு மின் விலைப்பட்டியலுக்கு மட்டுமே. வருமான வரிக்கு அல்ல. கணக்குகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் பத்திரப்படுத்தியே ஆக வேண்டும்.