ஆரம்ப வகுப்புகளில் இரண்டாம் மொழிச் சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் இம்மலரில் மற்றவர்கள் எழுதுகிறார்கள். எமது அணியினருக்கு மலர்க்குழு ஒதுக்கியது ஆரம்பப் பிரிவு. அதிலும் ஒரு சிறு விடயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் பேசாத ஒரு மொழியின் சொற்களை எப்படிக் கற்பித்து வந்தார்கள்? அவற்றுள் எவை நின்றன, எவை நிற்கவில்லை? எம்மில் பலர் இன்று வைத்தியர்களாக இருப்பதால் இக்கேள்வி எமக்குப் பொழுதுபோக்கானதன்று. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

படத்தைக் காட்டிச் சொல்லைக் கற்பிக்கும் முறைக்கு வயது அதிகம். கொமேனியஸ் என்ற கல்வியாளர் பிள்ளைகளுக்காக இலத்தீனும் ஜேர்மனும் அருகருகே அமைந்த படப் புத்தகம் ஒன்றை 1658இல் நூரெம்பேர்க் நகரில் வெளியிட்டார். பொருளைக் காணாமல் சொல்லைக் கற்பது வீண் என்பது அவருடைய கொள்கை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் அதே 1658இல்தான். ஆனால் அந்தப் புத்தகத்தின் கொள்கை அவர்களுடன் கப்பலேறி வந்ததாகத் தெரியவில்லை. அவர்களது கோயிற்பற்றுப் பள்ளிகளில் பிள்ளைகள் வினாவிடையைத் தமிழில் மனனம் செய்தார்கள்.

ஆங்கிலச் சொற்கள் எமது சிறுமிகளிடம் ஒழுங்காக வந்து சேர்ந்தது அமெரிக்க மிஷனரிமாருடன். அவர்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் அன்றைய மிஷன் விடுதிகளில் இருந்தது. ஆகவே விடுதிக்கு வந்த சிறுமிகள் பலருக்கு முதன்முதலாகக் கிடைத்த ஆங்கிலச் சொல் அவர்களது சொந்தப் பெயராகவே இருந்திருக்க வேண்டும். இதை நாம் மகிழ்ச்சியோடு எழுதவில்லை. ஆனால் கற்பித்தல் என்ற கண்ணால் மட்டும் பார்த்தால், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கூப்பிடப்பட்டு எத்தனையோ தடவை திரும்பிப் பார்க்க வேண்டிய சொல் அது. மறக்க வழியே இல்லை.

அம்மையாரின் கணவரான மைரன் வின்ஸ்லோ 67,000இற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியை 1862இல் சென்னையில் வெளியிட்டவர். யாழ்ப்பாண அகராதி அதற்கு முன்னரே, 1842இல் வந்துவிட்டது. பிற நாட்டிலிருந்து கற்பிக்க வந்தவர்கள் எமது மொழிச் சொற்களைத் தேடிச் சேர்ப்பதில் தலைமுறைக் கணக்கில் உழைத்தார்கள். மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், 1860களில் தமிழிலேயே வைத்திய வகுப்பு நடத்தத் தொடங்கி, அதற்காக ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். எந்த மொழியில் படிப்பிப்பது என்ற வாக்குவாதம் மிஷனுக்குள்ளேயே கடுமையாக நடந்திருக்கிறது. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டதற்கும் அந்த வாக்குவாதம் ஒரு காரணம்.

எமது பாடசாலை பிறந்த காலத்தில் நிலைமை வேறு. ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம். சுயபாஷைப் பாடசாலை இலவசம். ஆங்கிலம் தெரிந்தவருக்கு உத்தியோகம். பல ஆங்கிலப் பாடசாலைகளில் வளவுக்குள் தமிழ் பேசினால் தண்டம் அறவிட்டார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது ஆரம்ப வகுப்புகளில் போதனாமொழி தாய்மொழியாயிற்று. ஆங்கிலம் மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் மொழியாயிற்று. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயரை நாம் பரீட்சைக்காகப் படித்தோம். எமது பேத்திமாருக்கு மூடியிருந்த கதவு எமது அம்மாமாருக்குத் திறந்தது அவரால் என்பதை வளர்ந்த பிறகே உணர்ந்தோம்.

ஆனால் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியபோது அது பட்டியலாகவும் சுருங்கிவிட்டது. சொல், எதிரே கருத்து. வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல். எந்தச் சொற்களைப் பட்டியலில் போடுவது என்பதற்கு அறிஞர்கள் கணக்கெடுத்து உதவினார்கள். வங்காளத்தில் பணிபுரிந்த மைக்கல் வெஸ்ற் 1953இல் வெளியிட்ட ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியல் உலகெங்கும் பெயர் பெற்றது. ஆங்கிலப் புத்தகங்களில் அடிக்கடி வருகின்ற சொற்கள் எவை என்பதை அது நன்றாகவே காட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் அடிக்கடி வரக்கூடியவை எவை என்பதை அறிய அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமைப் பரீட்சையின் பலவீனமும் முன்பே தெரிந்ததுதான். ஒரு முறை பாடமாக்கியது எவ்வளவு விரைவில் கரைந்துபோகும் என்பதையும், இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் சந்தித்தால் எப்படி நிலைக்கும் என்பதையும் எபிங்ஹவுஸ் தம்மைத் தாமே பரிசோதித்து 1885இல் எழுதிவிட்டார்.

எமது அணி ஆண்டு மூன்றில் ஆங்கிலம் தொடங்கியது 1992இல். இன்று போல் ‘தரம்’ என்று அன்று சொல்வதில்லை. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றரி எல்லாம் தடை. இரவில் படிப்பது ஜாம் போத்தல் விளக்கில். யாழ்தேவி 1990 ஜூனுடன் நின்றுவிட்டது. இந்த நிலையில் சுவர்ப் படங்களில் அப்பிள் இருந்தது, ரெயின் இருந்தது, பான் இருந்தது, ரெலிவிஷன் இருந்தது. அப்பிள் சிவப்பு என்பதைத் தவிர அதைப் பற்றி எமக்கு எதுவும் தெரியாது. ரெயின் என்றால் நீளமானது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சொற்களை எழுத்துக்கூட்டி எழுதினோம், புள்ளியும் எடுத்தோம். எமது வாயில் அவை வரவில்லை.

அதே காலத்தில் ஒருவரும் கற்பிக்காமலே எமக்குத் தெரிந்திருந்த ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பாருங்கள். பங்கர், ஷெல், பொம்பர், ஹெலி, சென்றி. எழுதப் படிக்கத் தெரியாத நான்கு வயதுத் தம்பிமாருக்கும் அவை தெரியும். ஹெலியின் சத்தத்துக்கும் பொம்பரின் சத்தத்துக்கும் அவர்கள் வேறுபாடு சொல்வார்கள். எந்தக் கொப்பியிலும் எழுதாத சொற்கள் அவை. கேட்டவுடன் ஓட வேண்டியிருந்ததால் உடம்பு அவற்றைப் பிடித்துக்கொண்டது.

எமக்கு ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் இதைக் கண்டுகொண்டவர் என்றே நினைக்கிறோம். பயிற்சிக் கலாசாலையில் எதைப் படித்தாரோ தெரியாது. ஒரு கட்டத்தில் சுவர்ப் படங்களைச் சுருட்டி வைத்துவிட்டு எம்மைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெல், றோப், பக்கற், வோற்றர். பிறகு புல், ஸ்ரொப், கரி, போர். ஒருவர் சொல்ல மற்றவர் செய்ய வேண்டும். ‘போர்’ என்றதும் வாளியைச் செவ்வரத்தைக்கு ஊற்ற வேண்டும். தவறிச் சிநேகிதியின் காலில் ஊற்றியவர்களும் உண்டு. ‘எம்ரி’, ‘புல்’ என்ற சொற்களுக்கு அவர் கருத்தே சொல்லவில்லை, வாளியைத் தூக்கச் சொன்னார். இழுப்பதற்கும் ஒரு ‘புல்’, நிறைந்ததற்கும் ஒரு ‘புல்’ என்று நாம் குழம்பியபோது மாத்திரம் தமிழில் ஒரு வசனம் சொல்லித் தீர்த்து வைத்தார். தமிழை விலக்கவுமில்லை, அதில் காலம் கழிக்கவுமில்லை. கட்டளையைக் கேட்டு உடலால் செய்து மொழியைக் கற்கும் முறையை ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் ஆராய்ந்து வளர்த்தார் என்பதைப் பல்கலைக்கழகத்துக்குப் போன பின்னர்தான் எம்மில் ஒருவர் வாசித்து அறிந்தார்.

1995 ஒக்ரோபர் இறுதியில் இடம்பெயர்ந்தபோது கொப்பிகள் போயின. கிணற்றடிச் சொற்கள் போகவில்லை.

நாட்டின் கல்விச் சீர்திருத்தமும் அந்தப் பக்கமே வந்து சேர்ந்தது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்து, 1999இல் நாடு முழுவதும் முதலாம் தரத்திலிருந்தே செயற்பாடுகளோடு இணைந்த வாய்மொழி ஆங்கிலம் அறிமுகமாயிற்று. எழுத்தில்லை, பரீட்சையில்லை, வகுப்பாசிரியரே அன்றாட வேலைகளுக்கிடையில் பேச வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆயினும் ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் ஆசிரியைக்கு எவ்வளவு துணை கிடைத்தது என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு வகுப்பிலும் அதன் பயன் இருந்தது.

சிங்களத்தின் கதை இன்னும் சோகமானது. 1956இற்கு முன்னர் யாழ்ப்பாணப் பாடசாலைகள் சிலவற்றில் அது விருப்பத்தோடு கற்பிக்கப்பட்டது. தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அந்த விருப்பம் போய்விட்டது, போனதில் வியப்பில்லை. எமது தலைமுறைக்குச் சிங்களம் கற்பித்தவர்கள் நோயாளிகள். உள்ளகப் பயிற்சிக்குத் தெற்கே போனபோது ‘கொஹேத ரிதென்னே’, எங்கே நோகிறது, என்ற ஒரு கேள்வியோடு விடுதிக்குள் நுழைந்தோம். பதிலாக அவர்கள் தொட்டுக் காட்டிய இடங்களின் பெயர்களே எமது முதல் பாடம். ஒரு மாதத்தில் உடலுறுப்புகள் அனைத்தும் தெரிந்துவிட்டன. அந்த உறுப்புகளையும் நோய்களையும் நாம் ஏற்கெனவே தமிழில் விளங்கியிருந்தோம். பெயர் மட்டுமே புதிது. உயர்தரத்தில் ‘இழைமணி’ என்று படித்ததை மருத்துவபீடத்தில் ‘மைற்றோகொண்ட்றியா’ என்று மாற்றிக்கொண்டதும் இவ்வாறே. தமிழில் விளங்காமல் மனனம் செய்து வந்தவர்கள்தான் அங்கே இரண்டு மடங்கு கஷ்டப்பட்டார்கள்.

இனி, முன்னர் சொன்ன காரணம். இப்போது எம்மிடம் கொண்டுவரப்படும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளில் சிலர் முப்பது மிருகங்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒப்புவிக்கிறார்கள். சீப்ரா, ஜிராப், கங்காரு. வீட்டிலும் தமிழ் பேச வேண்டாம் என்று முன்பள்ளியில் சொன்னதாகத் தாய்மார் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் எங்கே நோகிறது, எரிகிறதா, குத்துகிறதா, உளைகிறதா என்று கேட்டால் எந்த மொழியிலும் பதில் இல்லை; தாயின் முகத்தைப் பார்க்கிறது. வயிற்றுவலியோடு வரும் பிள்ளையை விசாரிக்கும் வைத்தியருக்கு இது சிறிய குறையன்று. தமிழில் ‘உளைவு’ என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைக்கு அதன் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் பின்னர் ஒரு நாளில் கொடுத்துவிடலாம்.

நூற்றாண்டை முன்னிட்டு ஆரம்பப் பிரிவுக்கு எமது அணி அளிப்பது ஒரு பெட்டி அட்டைகள். முதல் தொகுதி உடலுறுப்புகளும் நோவுகளும், மும்மொழியிலும். இரண்டாவது தொகுதிக்கு அட்டை கிடையாது. கயிறு, வாளி, சுளகு, பனங்கொட்டை, திறப்பு, பூட்டு என்று பொருட்களாகவே வைத்திருக்கிறோம். ரெயின் படத்தைச் சேர்ப்பதா என்று கூட்டத்தில் சிறு வாக்குவாதம் நடந்தது. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபரிலிருந்து புகையிரதம் மீண்டும் ஓடுகிறது, பிள்ளைகள் ஏறியும் இருக்கிறார்கள் என்று ஒரு தாய் சொன்னதால் சேர்த்தோம். அப்பிளைச் சேர்க்கவில்லை. விலையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.