பின்கதவு ஒயரும் எண்ணூர் உப்புக்காத்தும்

போன ஐப்பசியில ஒரு விடியக்காலம். கத்தரிக்காயும் வெண்டையும் ஏத்திக்கிட்டு மீஞ்சூர் பக்கத்துல இருந்து திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போய்க்கிட்டிருந்தேன். ஆத்துப் பாலம் தாண்டி கத்திவாக்கம் வந்ததும் ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு. பின்னாடி டமார்னு சத்தம். கண்ணாடியில பாத்தா பின்கதவு இடது பக்கம் மட்டும் திறந்து, கோணலா தொங்குது. ரெண்டு மூட்டை ரோட்டுல கிடக்கு. அதுக்கு ஒரு முழம் தள்ளி ஸ்கூட்டியில ஒரு அம்மா, முன்னாடி யூனிஃபார்ம் போட்ட குழந்தை. எப்படி பிரேக் பிடிச்சாங்களோ தெரியல. அவங்களுக்குப் பின்னால கன்டெய்னர் லாரி ஒண்ணு நின்னுட்டிருந்துச்சு. அந்த ரோட்டுல கன்டெய்னர் லாரி இல்லாத நேரமே கிடையாது.

அந்த அம்மா திட்டவே இல்லை. குழந்தையோட தலையைத் தடவிட்டு, "பாத்து வாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. திட்டியிருந்தா மனசு கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

ரயில் நிலையத்துக்குப் போற தெருவுல ஒரு பெரியவர் பட்டறை வெச்சிருக்கார். டூவீலர் வேலைதான் பெரும்பாலும். வண்டியை அங்க கொண்டுபோய் நிறுத்தினேன். கதவோட உள்தகட்டைக் கழட்டினார். நடுவுல கைப்பிடி, அதுல இருந்து வலப்பக்கம் ஒரு ஒயர், இடப்பக்கம் ஒரு ஒயர், ரெண்டு ஓரத்துலயும் கொண்டி. அவ்வளவுதான் உள்ளே இருக்கறது. இடது பக்கத்து ஒயரை உறையிலிருந்து உருவினார். உருவ வரலை. இடுக்கி வெச்சு இழுத்ததும் பாதி இழை அறுந்து, துடைப்பம் மாதிரி விரிஞ்சு, துருப்பிடிச்சு வெளிய வந்துச்சு.

"ஒயரு அறுந்திருந்தா உனக்கு நல்லது நைனா. கதவு தொறக்காது, அவ்ளோதான். இது அறுவல, உள்ள சிக்கிக்கினு இருக்குது. கொண்டி முழுசா திரும்பல. கதவு மூடின மாதிரி இருக்கும், மூடியிருக்காது."

இது எனக்குத் தெரியாத விஷயம். ஒயர் அறுந்தா ஆபத்துன்னுதான் நாம எல்லாரும் நினைக்கிறோம்.

வீட்டுக்கு வந்தப்புறம் இந்த ஒயரோட பூர்வீகத்தைத் தேடிப் படிச்சேன். மழைக்காலம், வயல்ல பெரிய வேலை இல்லை.

இரும்பு இழைகளை முறுக்கிக் கயிறாக்குற வேலையை 1834-ல ஜெர்மனியில ஹார்ட்ஸ் மலைப்பக்கம் கிளவுஸ்தால் ஊர் சுரங்கத்துல செஞ்சு காட்டினவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். சுரங்க அதிகாரி. அதுக்கு முன்னாடி சணல் கயித்துலயும் சங்கிலியிலயும்தான் பாரம் தூக்கினாங்க. சங்கிலியில ஒரு கண்ணி விட்டுப்போனா மொத்தமும் போச்சு, முன்னறிவிப்பே கிடையாது. சங்கிலி ஏன் அறுந்துபோகுதுன்னு அவர் 1829 வாக்குல ஒரு சோதனை பண்ணினார். திரும்பத் திரும்ப பாரம் ஏத்தி இறக்கிப் பாத்தார். ஒரே தடவையில தாங்குற பாரத்தைவிடக் குறைஞ்ச பாரமே, ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கினா இரும்பை அறுத்துடும்னு புரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் செஞ்சதுதான் கம்பிக்கயிறு. நாலு கம்பி சேர்ந்தது ஒரு புரி, மூணு புரி சேர்ந்தது கயிறு. நம்ம ஊர்ல தேங்காநார்க் கயிறு திரிக்கிற அதே கணக்குதான். இதுல ஒரு கம்பி அறுந்தா மத்தது தாங்கும். அறுந்த கம்பி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். பாக்குறவன் கயித்தை மாத்திடலாம்.

அறுபது வருஷம் கழிச்சு, 1896-ல, எர்னஸ்ட் மானிங்டன் போடன்னு அயர்லாந்துல பிறந்த ஒருத்தர், ஒயரை ஒரு உறைக்குள்ள போட்டு காப்புரிமை வாங்கினார். இன்னிக்கும் மெக்கானிக் புத்தகங்கள்ல போடன் கேபிள்னுதான் பேர். ராலே சைக்கிள் கம்பெனி முதலாளி ஃபிராங்க் போடன்தான் இதைக் கண்டுபிடிச்சார்னு பல இடத்துல எழுதி வெச்சிருக்காங்க. பேர் ஒண்ணா இருந்ததால வந்த குழப்பம்.

அந்த உறைதான் விஷயமே. வெறும் ஒயர் நேராத்தான் இழுக்கும், வளைவுக்கு உருளை வேணும். போடன் உறையை நெருக்கமா சுத்தின கம்பிச்சுருளா செஞ்சார். கை நிறைய வளையலை அடுக்கி ரெண்டு பக்கமும் அழுத்திப் பாருங்க, நீளம் குறையாது, ஆனா அடுக்கை வளைக்கலாம். அதேதான். உள்ளே ஒயர் இழுக்கும், வெளிய உறை எதிர்த்து நிக்கும். எந்தச் சந்துலயும் வளைச்சுக் கொண்டுபோகலாம். சைக்கிள் பிரேக்குக்கு வந்துச்சு, மோட்டார் சைக்கிளுக்கு வந்துச்சு.

ஆனா ஆல்பர்ட் கண்ணுக்குத் தெரியற மாதிரி வெச்ச எச்சரிக்கையை இந்த உறை மூடிடுச்சு. இழை அறுந்தாலும் உள்ளேதான் அறுபடும். என் வண்டியில நடந்தது அதுதான்.

எங்க வீட்டுக்கு இந்த ஒயர் ரொம்ப லேட்டா வந்துச்சு. அப்பாவோட சைக்கிள்ல கம்பி பிரேக். கட்டை வண்டியில பின்னாடி ஒரு தட்டி, அதை இழுத்துக் கட்ட ஒரு கயிறு. கயிறு நைஞ்சா கையிலேயே தெரியும். முதல் ஒயர் 1980-க்கு அப்புறம் வந்த டிவிஎஸ் 50-லதான்.

இத்தனைக்கும் எங்களுக்குப் பக்கத்துலதான் வண்டி உலகமே இருந்துச்சு. எண்ணூர்ல 1948-ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சாங்க, முதல்ல ஆஸ்டின் ஏ40 கார் பூட்டினாங்க, அப்புறம் லேலண்டோட சேர்ந்து 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு. அதே 1955-லதான் திருவொற்றியூர்ல என்ஃபீல்டு இந்தியாவும். சின்ன வயசுல எண்ணூர் ரோட்டுல நாங்க பாத்தது முழு லாரி இல்லை, வெறும் சேசிஸ். கேபின் கிடையாது, கதவு கிடையாது. தலையில துண்டு கட்டின டிரைவர் பலகை மேல உக்காந்து ஓட்டிக்கிட்டுப் போவார். நாமக்கல், திருச்செங்கோடுன்னு போய் அங்க பாடி கட்டுவாங்க. அந்தப் பின்கதவெல்லாம் மரப்பலகை, இரும்புப் பட்டை, கொண்டி, சங்கிலி. சுத்தியல் இருந்தா ரிப்பேர் முடிஞ்சுச்சு. கம்பெனியிலேயே பாடியோட வர்ற பிக்கப்தான், கதவுத் தகட்டுக்குள்ள ஒயரை ஒளிச்சு வெச்சுக் கொண்டாந்துச்சு. ஒரு கையால திறக்கலாம். சௌகரியம்தான், இல்லைன்னு சொல்லலை.

இந்தக் கடலோரத்துல அந்த ஒயருக்கு ஆயுசு கம்மி. உறைமேல இருக்கிற பிளாஸ்டிக் எங்கயாவது ஒரு இடத்துல வெடிக்கும். அது வழியா உப்புத்தண்ணி இறங்கும். துரு வந்தா இரும்பு ஊதும், ஒயர் உறையில உரசும். கைப்பிடிக்கிட்ட ஒயர் வளையற இடத்துலதான் முதல் இழை போகும். அறுந்த இழை உள்ளே கொக்கி மாதிரி மாட்டிக்கும். நான் என்ன பண்ணினேன்? கைப்பிடி இறுகினப்பல்லாம் பழைய இன்ஜின் ஆயிலை ஊத்தினேன். உள்ளே நைலான் குழாய் இருக்கற உறையில அதை ஊத்தினா மண்ணும் ஆயிலும் சேர்ந்து களியாகிடும்னு பெரியவர் சொல்லித்தான் தெரியும். ஒரு வருஷமா கைப்பிடி இறுகிக்கிட்டே வந்துச்சு. என் கைதான் பலம் போயிடுச்சுன்னு நினைச்சேன்.

என் வண்டிக்குக் கம்பெனி ஒயர் இப்ப வர்றதில்லை. பெரியவர் புல்லட் கிளட்ச் ஒயர் ரெண்டு எடுத்தார். திருவொற்றியூர்க்காரங்களுக்கு எல்லா நோவுக்கும் அதுதான் மருந்து. பழைய ஒயரோட நீளத்துக்கு வெட்டினார். பித்தளைக் குமிழுக்குள்ள ஒயரை விட்டு, நுனி இழைகளைப் பூ மாதிரி விரிச்சு, ஈயம் பத்த வெச்சார். விரிக்காம வெச்சா இழுக்கறப்ப வழுக்கிக்கிட்டு வந்துடுமாம். உறையும் புதுசு. ரெண்டு ஒயரும் ஒரே அளவு இருக்கணும், இல்லாட்டி ஒரு கொண்டி முன்னாடியே விடும். அதைவிட முக்கியம், கைப்பிடியை விட்ட நிலையில ஒயர் கொஞ்சம் தளர்வா இருக்கணும். விறைப்பா கட்டினா கொண்டி எப்பவும் பாதி திறந்தே நிக்கும். கதவை மூடிட்டு, ரெண்டு ஓரத்தையும் தனித்தனியா அஞ்சாறு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் தகட்டைப் பூட்டினார்.

நடுவுல மட்டும் தட்டிப் பாத்துட்டுப் போறதுதான் இத்தனை வருஷமா என் பழக்கம். இப்ப ரெண்டு ஓரத்தையும் இழுத்துப் பாக்குறேன். அது போக, குறுக்கால ஒரு கயிறும் கட்டுறேன், அப்பா தட்டிக்குக் கட்டின மாதிரியே. மார்க்கெட்ல பசங்க சிரிக்கிறாங்க. மிச்சமான பழைய ஒயர் பாகல் பந்தல்ல இருக்கு, கொடி அது மேல ஏறிடுச்சு.