குருக்களற்ற திருச்சபையும் புனித யோசப் வாஸ் அடிகளாரும்: ஒல்லாந்தர் கால இலங்கையில் மறைப்பணியின் இயல்பு

முன்னுரை

இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்பெறும் புனித யோசப் வாஸ் அடிகளாரைப் (1651–1711) பற்றிய நூல்களில் பல அவர்தம் அற்புதங்களையே மையமாகக் கொண்டவை. ஓரத்தோரியச் சபையைச் சார்ந்த செபஸ்தியாவோ தோ ரேகோ போர்த்துக்கேய மொழியில் எழுதி 1745இல் லிஸ்பனில் வெளியான வாழ்க்கை வரலாறு பிற்காலத்தவர் பலருக்கும் மூலமாயிற்று. தம் சபையின் முன்னோடி ஒருவரைப் போற்றி எழுதும் நூலில் அற்புதம் மிகுவது இயல்பே. ஆயின், அவர் ஆற்றிய பணி அவருக்குப் பின்னும் நிலைத்தமைக்கான காரணத்தை அற்புதங்களைக் கொண்டு விளக்க இயலாது. குரு வாராத காலத்திலும் தானே இயங்கவல்ல பொதுநிலையினர் அமைப்பை அவர் ஊர்தோறும் வலுப்படுத்தியதே அக்காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கோவாவும் ஓரத்தோரியச் சபையும்

அடிகளார் 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனாவ்லிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் கத்தோலிக்கப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். 1676இல் குருத்துவ அருட்பொழிவு பெற்று, 1681 முதல் 1684 வரை கன்னடக் கடற்கரைப் பகுதியில் பணியாற்றினார். அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகளின் கதவுகள் இந்தியருக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. இந்நிலையில் உள்நாட்டுக் குருக்கள் சிலர் கோவாவில் தாமே கூடி வாழத் தொடங்கினர். அடிகளார் 1685இல் அவர்களுடன் இணைந்தார். இக்குழுவே பின்னர் கோவா ஓரத்தோரியச் சபையாக வளர்ந்தது. ஐரோப்பியர் ஏற்காத குருக்களே ஐரோப்பியக் குரு நுழைய முடியாத நாட்டிற்குள் நுழைந்தனர் என்பது நோக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் மறைந்த வாழ்வு

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் உடைமையாயின. மக்களுள் பலர் திருமுழுக்கையும் திருமணத்தையும் அரசு ஏற்ற சபையில் பதிவு செய்துகொண்டு, வீட்டில் பழைய செபங்களைச் சொல்லி வந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

1687இல் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்த அடிகளார், ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் அடைந்தார். கடற்பயணத்தின் துன்பமும் வயிற்றுக்கடுப்பும் அவரை வீழ்த்தின. தேறிய பின், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். செபமாலையைக் கண்டு முகம் மாறுவோரைக் கொண்டே கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார் என்று வரலாறுகள் கூறும். குருவை மக்கள் தேடிச் செல்லும் வழக்கத்திற்கு மாறாக, இங்குக் குருவே தம் மக்களைத் தேடிக் கண்டறிய வேண்டியிருந்தது. சில்லாலை அவருக்கு அடைக்கலம் தந்தது. திருப்பலிகள் இரவில், வீடுகளுக்குள் நிகழ்ந்தன. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்த அதிகாரிகள் கூட்டத்தைச் சூழ்ந்து பலரைச் சிறைப்பிடித்தனர், அடிகளார் தப்பினார். துன்பத்தின் பெரும்பங்கு அவரை மறைத்தவர்கள் மீதே விழுந்தது. புனிதர் வரலாறுகள் இதற்கு உரிய இடம் தருவதில்லை.

ஒரே குரு தீவு முழுவதும் சுற்றி வரும்போது ஓர் ஊருக்கு ஆண்டில் சில நாட்களே கிடைக்கும். எஞ்சிய நாட்களுக்கு மூப்பரும் அண்ணாவியாரும் பொறுப்பேற்றனர். மூப்பர் கோவிலையும் ஊர் வழக்குகளையும் கவனித்தார். அண்ணாவியார் செபம் சொல்லிக் கொடுத்தார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டினார். இறக்கும் நிலையில் உள்ளோருக்குத் திருமுழுக்களித்தார். இம்முறை முற்றிலும் புதிதன்று. முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் கணக்கப்பிள்ளைகளை அமர்த்திய மரபு இதற்கு முன்னோடி. ஆனால் அங்கே போர்த்துக்கேய அரசின் ஆதரவு இருந்தது. இங்கே அரசே பகை.

கண்டியில்

1690இல் கண்டி அரசின் ஆட்சிக்குட்பட்ட புத்தளம் சென்ற அடிகளார், 1692இல் தலைநகரை அடைந்ததும் போர்த்துக்கேய ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் காவலில் வைக்கப்பட்டார். இக்குற்றச்சாட்டை வெறும் பழி என ஒதுக்குதல் தகாது. அவர் போர்த்துக்கேய மன்னரின் குடிமகன். அரசியல் நோக்கில் ஐயம் எழுவது இயல்பே. காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றார். சிறு ஆலயம் ஒன்றும் அமைத்தார்.

1696இல் வறட்சியின்போது அவர் மன்றாடியதால் மழை பெய்ததாகவும், மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவருக்கு நடமாடும் உரிமை அளித்ததாகவும் மரபு கூறும். மறு ஆண்டு பரவிய பெரியம்மையின்போது அவர் ஆற்றிய பணியே வரலாற்று நோக்கில் கனமானது. நோயாளிகளை உறவினரும் கைவிட்ட நிலையில், அடிகளாரும் அவர்தம் உறவினரான யோசே கார்வாலோ அடிகளாரும் சமய வேறுபாடு பாராது அவர்களைப் பேணினர். இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்த மன்னரின் பாதுகாப்பிற்கு ஒல்லாந்தர் மீதான பகையும் ஒரு காரணமாதல் கூடும். எனினும் அப்பணி ஈட்டிய நன்மதிப்பை அரசியற் கணக்கு மட்டும் விளக்காது.

பணியின் தொடர்ச்சி

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவற்றை வெறும் இலக்கிய ஆர்வத்தின் விளைவாகக் கருதுவோர் அவற்றின் பயனைக் காணத் தவறுகின்றனர். குரு இல்லாத ஊரில் அண்ணாவியாரின் கையில் உரத்து வாசிக்கத்தக்க பனுவல் ஒன்று இருத்தல் வேண்டும். அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் வடபுலத்தில் தவக்காலத்தில் இன்றும் ஓதப்படுவது இதற்குச் சான்று.

அடிகளார் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். அவரது கல்லறை இருந்த இடம் பின்னர் மறைந்துபோயிற்று. 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் ஆட்சியில் குருக்கள் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆயினும் சமூகம் சிதறிவிடவில்லை. குருவின்றி வாழும் பழக்கம் அதற்கு ஏற்கெனவே இருந்தது.

1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14 அன்று காலை, காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகல் திருத்தந்தை மடுத் திருத்தலம் சென்றார். ஒல்லாந்தருக்கு அஞ்சி, அன்னையின் திருச்சொரூபத்தை 1670 அளவில் மாந்தையிலிருந்து மடுக் காட்டிற்குள் எடுத்துச் சென்றவர்கள் சில குடும்பத்தினர் என்பது அத்தலத்தின் மரபு. அவர்களுடன் குரு எவரும் இருக்கவில்லை. யோசப் வாஸ் அடிகளார் இலங்கையில் கால்வைக்க அப்போது இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன.