சங்கத்தில் அரசியல் கூடாதா?

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால், எங்கே வேலைநிறுத்தம் என்றாலும் ஒரு நண்பர் தவறாமல் சொல்வார்: "சங்கத்துக்குள்ள அரசியல் நுழைஞ்சாலே போச்சு சார்." குமாஸ்தாவாக வருஷக்கணக்கில் சந்தா கட்டிய நானும் தலையாட்டியவன்தான். ஆனால் சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா அடையாறு பிரம்மஞான சபைக்காரர். அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் முன்வரிசையில் நின்றவர். கூட இருந்த திரு.வி.க. 'தேசபக்தன்' ஆசிரியர். அரசியல் இல்லாத சங்கமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. 1920-ல் தகராறு முற்றியபோது பின்னி கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போய், தொழிலாளரைத் தூண்டக்கூடாது என்று வாடியா முதலானோர் மேல் தடையுத்தரவு வாங்கியது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. கூலி கேட்கப் போனவர்களுக்குச் சட்டம் யார் பக்கம் என்று அன்று தெரிந்தது. சட்டத்தை மாற்ற வேண்டுமானால் ஆலை வாசலில் நின்று பயனில்லையே!

1921 வேலைநிறுத்தம் இன்னும் கசப்பு. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு. சங்கம் சாதியால் பிளந்தது. இதை நம்மவர்கள் அவ்வளவாக எழுதுவதில்லை.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் சிங்காரவேலர். 1923 மே 1-ல் ஐகோர்ட் எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில் ஒரு கூட்டம். அன்றே தொழிலாளர், விவசாயிகளுக்கென ஒரு கட்சியையும் அறிவித்தார். வெளியிலிருந்து வக்கீல் வந்து வழிநடத்துவது போதாது, தொழிலாளிக்கே கட்சி வேண்டும் என்பது அவர் கணக்கு. (அவரே வக்கீல்தான், அது வேறு விஷயம்.) 1928 ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக அந்த வயதில் சிறைக்கும் போனார்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இங்கே 1906-ன் அமியான் சாசனம் ஞாபகம் வருகிறது. சங்கம் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாது, உறுப்பினர் வெளியே விரும்பிய அரசியல் செய்யலாம் என்பது அதன் சாரம். அழகான கொள்கை. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், 1936 ஜூலை 30-ல் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது பாரீசில் பிரதமர் யார்? சோஷலிஸ்ட் லியோன் ப்ளூம்! வ. சுப்பையா பாரீஸ் வரை போய் வாதாடினார். 1937-ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. கட்சியும் சங்கமும் கைகோக்காமல் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் சந்தாப் பணத்தைக் கட்சிக்குத் திருப்புவது எனக்கும் பிடிக்காது. 1926 தொழிற்சங்கச் சட்டம் 16-வது பிரிவில் அதற்கு வழி சொன்னது: அரசியலுக்குத் தனி நிதி வைக்கலாம், கட்டச் சொல்லி யாரையும் வற்புறுத்தக்கூடாது, கட்டாதவரை ஒதுக்கவும் கூடாது. நண்பருக்காக அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.