கடிதமும் அரசும்: 1844ஆம் ஆண்டு விவகாரம் பற்றிய ஒரு நோக்கு

தனிமனிதனின் அந்தரங்கம் முதலாளித்துவ சமுதாயம் அளித்த பேறுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. ஆயின், அது யாருக்கு, எவ்வெல்லைவரை உரியதாயிருந்தது என்பதை வரலாற்றடிப்படையில் ஆராய்தல் வேண்டும். இவ்வகையில் 1844இல் இங்கிலாந்தில் எழுந்த கடிதத் திறப்பு விவகாரம் நமது கவனத்திற்குரியது.

பாரதி வாயிலாகத் தமிழ் வாசகர் நன்கறிந்த இத்தாலியத் தேசியவாதி மாஜினி அக்காலத்தில் இலண்டனில் அகதியாக வாழ்ந்தார். தமக்கு வரும் கடிதங்கள் திறக்கப்படுவதாக ஐயுற்ற அவர், உறைகளுள் மணலும் கசகசாவும் இடச்செய்து, அவை உதிர்ந்துபோயிருந்தமை கண்டு தம் ஐயத்தை உறுதிசெய்துகொண்டார். உள்நாட்டமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரகாம் பிறப்பித்த ஆணையின்படி மார்ச் 1 முதல் ஜூன் 3 வரை அவர் கடிதங்கள் திறக்கப்பட்டன என்பது பின்னர் வெளியாயிற்று. ஜூன் 14இல் தோமஸ் டன்கொம் இதுபற்றிய மனுவைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தார். அதில் மாஜினியுடன், தொழிலாளரின் சாசன இயக்கத் தலைவர் வில்லியம் லொவெற்றும் கையொப்பமிட்டிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இவ்விணைவு தற்செயலானதன்று. 1840இல் நடைமுறைக்கு வந்த ஒரு பென்னி அஞ்சற் கட்டணம், கடிதமெழுதுதலை உழைக்கும் மக்களுக்கும் எட்டச்செய்தது. ஓராண்டிற்குள் கடிதங்களின் தொகை இருமடங்கிற்கு மேலாயிற்று. வர்த்தகத்தின் தேவைக்காக மலிவாக்கப்பட்ட அஞ்சல், தொழிலாளர் இயக்கத்தின் தொடர்புச் சாதனமாகவும் மாறியது. 1842 ஆகஸ்டில் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, சாசன இயக்கத்தினரின் கடிதங்களைத் திறக்கவும் ஆணைகள் பிறந்தன. அகதியையும் தொழிலாளியையும் ஆளும் வர்க்கம் ஒரே கண்கொண்டு நோக்கியது எனலாம்.

பாராளுமன்றத்தின் ஈரவைகளும் இரகசியக் குழுக்களை அமைத்தன. மாஜினியின் கடிதங்களினின்று பெற்ற செய்திகளுட் சில, பெயர்விபரங்களின்றி, அயலரசொன்றுக்கு அறிவிக்கப்பட்டமை விசாரணையில் தெரியவந்தது. அவ்வாண்டு ஜூலையில் பண்டியேரா சகோதரர்கள் தென்னித்தாலியில் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதற்குக் கடிதத் திறப்பே நேர்க்காரணம் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் பொதுமக்களின் சினத்தை அம்மரணங்கள் பெருக்கின.

இவ்வளவு எதிர்ப்பின் விளைவு யாது? அயல்நாட்டுக் கடிதங்களைத் திறந்துவந்த இரகசிய அலுவலகமும் குறியெழுத்துக்களை வாசிக்கும் பிரிவும் 1844இலேயே ஒழிக்கப்பட்டன. எனினும், அமைச்சரின் ஆணையுடன் கடிதங்களைத் திறக்க இடமளித்த, 1710ஆம் ஆண்டு அஞ்சற் சட்டம்வரை பின்னோக்கிச் செல்லும் அதிகாரம் நீக்கப்படவில்லை. கருவி கைவிடப்பட்டது, அதிகாரம் காக்கப்பட்டது.

பிற்காலத்தில் தொலைபேசி வந்தபோது, அதனை ஒட்டுக்கேட்பதை நெறிப்படுத்தும் சட்டமேதும் பிரித்தானியாவில் நெடுங்காலம் இருக்கவில்லை. 1984இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்நிலையைக் குறைகண்ட பின்னரே 1985ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமும் ஆணை வழங்கும் உரிமையை நீதிபதியிடம் ஒப்படைக்காது அமைச்சரிடமே விட்டுவைத்தது. ஆணை வழங்குவதில் நீதித்துறை ஆணையாளரின் ஒப்புதலும் பொதுவிதியாக்கப்பட்டது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயாகும்.

சட்டங்கள் வேண்டாதவை என்பது நமது கருத்தன்று. ஒவ்வொரு கட்டுப்பாடும் மக்கள் எதிர்ப்பினால் வென்றெடுக்கப்பட்டதே. ஆயின், கண்காணிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் அதனை நியாயப்படுத்தும் சட்டமாகவும் அமைதல் கூடும். எனவே, கடிதம் திறக்கப்பட்டதா என்று வினவுவதோடு அமையாது, திறக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது, அவர் யாருக்குப் பதிலிறுக்கக் கடமைப்பட்டவர் என்பனவற்றையும் நாம் வினவுதல் வேண்டும். 1844இன் இயக்கம் முதல் வினாவிற்கு விடை பெற்றது. ஏனையவை அதன் பின்னும் எஞ்சி நின்றன.