வீட்டிலும் முகாமிலும் தீக்குழி: அமைப்பதும் அணைப்பதும்

நம்மவர்களுக்குத் திறந்த நெருப்பு புதியதல்ல. தோட்டத்து லயத்தில் வாசலுக்கு வெளியே மூன்று கல் வைத்து வெந்நீர் போட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கோயில் திருவிழா என்றால் மண்ணை வாய்க்கால் போல வெட்டி, அண்டாக்களை வரிசையாக ஏற்றிச் சோறு வடிப்பதும் பழகிய வேலைதான். தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிவந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப் போனது. இப்போது பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கூடாரம் அடிக்கப் போகிறவர்களும், வீட்டுப் பின்புறத்தில் பிள்ளைகளுக்காக நெருப்பு மூட்ட விரும்புகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். கடைகளில் தகரத் தீக்கூடைகள் விற்கின்றன. ஆனால் அதை எங்கே வைப்பது, எதைப் போட்டு எரிப்பது, எப்படி அணைப்பது என்று சொல்லிக் கொடுக்கத் தாத்தாவும் பாட்டியும் பக்கத்தில் இல்லை.

முதலில் சட்டம். மலேசியாவில் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 2024இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பிறகு உச்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட். 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. வெளியில் வாட்டிச் சமைப்பது போன்ற சில செயல்களுக்கு 2003ஆம் ஆண்டின் ஆணை விலக்கு அளிக்கிறது. ஆகவே காய்ந்த விறகில் சின்ன நெருப்பு மூட்டிச் சோளம் வாட்டுவது வேறு. குப்பை லாரி வரும் தாமானில் சருகையும் பழைய மெத்தையையும் குழியில் தள்ளிக் கொளுத்துவது வேறு. இரண்டாவதைத் தீக்குழி என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் அது குப்பை எரிப்புதான். காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டிவிட்டால் அது ஆரோக்கியமற்ற நிலை என்று பொருள். 2005இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும், 2013இல் மூவாரிலும் புகைமூட்டத்துக்காக அவசரநிலை அறிவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாள்களில் எந்த நெருப்பும் வேண்டாம்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இடம் இன்னும் குறுகியது. அடுக்குமாடி நடைபாதையில் விறகு மூட்டுவதை எண்ணிப் பார்க்கவே கூடாது. பூங்காக்களில் முன்பதிவு செய்து பயன்படுத்தும் வாட்டும் அடுப்புகள்தான் அவர்களுக்கு வழி.

இனி இடம். சுவர், மரவேலி, பிளாஸ்டிக் கூரை, துணிக்கொடி, எரிவாயு தோம்பு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளியிருக்க வேண்டும். மேலே மரக்கிளையோ மின்கம்பியோ வரக்கூடாது. இதைப் படித்ததும் பல தாமான் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், தங்கள் வீட்டில் அப்படி ஓர் இடமே இல்லை என்று. வரிசை வீட்டின் கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் தீக்குழி வைப்பதற்குப் பதில், கரி அடுப்பு ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தனி வீடு, கம்பத்து வீடு, தோட்டத்து வீட்டின் பின்பக்கம் இவைதான் தீக்குழிக்கு ஏற்றவை.

மண்ணையும் பார்க்க வேண்டும். பந்திங், கோல லங்காட், சபாக் பெர்ணம், பொந்தியான் போன்ற கடலோரப் பகுதிகளில் கரிய, பஞ்சு போன்ற கரிச்சதுப்பு மண் உள்ள இடங்கள் நிறைய. அது மண் மாதிரி தெரிந்தாலும் உண்மையில் மக்கியும் மக்காமலும் கிடக்கும் மரமும் இலையும்தான். காய்ந்த காலத்தில் அதில் குழி வெட்டி நெருப்பு வைத்தால் மேலே அணைந்த பிறகும் அடியில் புகைந்துகொண்டே நகரும். சில நாள் கழித்து எங்கோ தள்ளி, செம்பனை வேருக்கு அருகில் புகை கிளம்பும். தீயணைப்புப் படையினர் நாள்கணக்கில் தண்ணீர் விட்டாலும் எளிதில் அடங்காது. அப்படிப்பட்ட மண்ணில் குழி வெட்டவே வெட்டாதீர்கள். கால் வைத்த இரும்புத் தீக்கூடையைச் சிமெண்டுத் தரையில் வைத்து மூட்டுங்கள்.

நல்ல செம்மண் தரை என்றால் வேலை எளிது. உள்வட்டம் 3 அடி அகலம் வரும்படி கயிறும் குச்சியும் வைத்து வட்டம் போட்டு, செங்கல்லுக்கும் இடம் விட்டுச் சுற்றிலும் கொஞ்சம் கூட்டி, 6 அங்குல ஆழம் வெட்டுங்கள். அடியில் 3 அங்குலத்துக்குச் சரளைக்கல் போட்டு மிதித்து இறுக்குங்கள். அதன்மேல் செங்கல்லைச் சாந்து பூசாமல் வட்டமாக அடுக்குங்கள். ஒரு வரிசைக்கு 13 அல்லது 14 கல் பிடிக்கும். நான்கு வரிசை போதும். மண்ணுக்கு மேலே முதலில் வரும் வரிசையில் கல்லுக்குக் கல் இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்று உள்ளே போகும், புகை குறையும். வட்டத்தைச் சுற்றி மூன்றடிக்குப் புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு மணல் கொட்டினால் பொறி விழுந்தாலும் பரவாது.

செங்கல் என்றால் சுட்ட சிவப்புக் கல். சிமெண்டுக் கல் மலிவு என்று வாங்காதீர்கள், சூட்டில் அது வெடித்துச் சிதறும். மழையில் ஊறிய செங்கல்லும் திடீர்ச் சூட்டில் பிளக்கும் என்பதால், நீண்ட மழைக்குப் பிறகு முதல் அரை மணி நேரம் சுள்ளி நெருப்போடு நிறுத்திக் கல்லைக் காய விடுங்கள்.

குழி வெட்ட மனமில்லாதவர்களுக்குப் பழைய இரும்புக்கடையே போதும். துணி துவைக்கும் இயந்திரத்தின் உள்ளே இருக்கும் துருப்பிடிக்காத எஃகு டிரம்மைக் கேட்டு வாங்கி, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட்டு, மூன்று செங்கல் மேல் நிறுத்தினால் அருமையான தீக்கூடை. சுற்றிலும் துளை இருப்பதால் காற்றோட்டம் தானாக வரும். துத்தநாகம் பூசிய வாளியும் தகரமும் வேண்டாம், சூடேறினால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். தோட்டத்தில் களைக்கொல்லி வந்த டிரம்மை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். எண்ணெய் இருந்த காலி டிரம்மை வெட்டினால் உள்ளே தேங்கிய ஆவி தீப்பொறி பட்டு வெடிக்கும். அதில் உயிர் போவதும் உண்டு.

நம் நாட்டில் தீக்குழியின் பெரிய எதிரி மழை. குழியில் தண்ணீர் தேங்கினால் அடுத்த வாரம் அது ஏடிஸ் கொசுவின் தொட்டில். சுகாதார அதிகாரிகள் வந்து பார்க்கும்போது கொசுப்புழு இருந்தால் அபராதம். அதைவிடப் பெரிது, வீட்டில் யாருக்காவது டிங்கி வருவது. அடியில் சரளை போடச் சொன்னது அதற்காகத்தான். களிமண் தரையில் அதுவும் போதாது, பழைய அண்டா மூடியையோ துத்தநாகத் தகட்டையோ சரிவாகக் கவிழ்த்து மூடி வையுங்கள். நெருப்பு ஆறிய பிறகு மட்டும்.

விறகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புகை எழும்பிப் பக்கத்து வீட்டோடு சண்டை வருவதெல்லாம் பெரும்பாலும் ஈர விறகால்தான். வெட்டி, பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி, மாதக்கணக்கில் காய்ந்த கட்டைதான் விறகு. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் டங் என்று ஒலிக்க வேண்டும், தொப் என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. மறுநடவுக்கு வெட்டிய பால்மரத்தின் கட்டை கிடைத்தால் விடாதீர்கள், நன்றாகக் காய்ந்தது சீராக எரியும். ரம்புத்தான் கட்டை கனமானது, நீண்ட நேரம் தணல் நிற்கும். தேங்காய்ச் சிரட்டை கடும் சூடு தரும், ஆனால் சீக்கிரம் தீரும். தென்னை மட்டையும் செம்பனை மட்டையும் புகைதான் அதிகம். வாட்டுவதற்குக் கரிதான் வேண்டுமென்றால், கோல செபத்தாங்கில் சதுப்புநில பாக்காவ் மரத்தை மண் சூளையில் வேகவைத்துச் செய்யும் கரிக்கு ஈடில்லை.

எரிக்கக் கூடாதவை: சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, கரையானுக்கு மருந்து ஏற்றிய பச்சை நிறக் கட்டை, மின்கம்பம், தண்டவாளக் கட்டை. சரக்குப் பலகையில் முத்திரை பார்த்து எடுங்கள். 'எச்டி' என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, 'எம்பி' என்றிருந்தால் பூச்சிமருந்து ஏற்றியது, அதை விட்டுவிடுங்கள். வீட்டு வாசலில் பூக்கும் அரளியைக் கவாத்து செய்த குச்சிகளையும் போடாதீர்கள். அதன் ஒவ்வொரு பாகமும் நச்சு, புகையும் சேர்த்து. காட்டுப் பக்கம் போனால் ரெங்காஸ் மரத்தை அறிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடத்தில் கறுத்துப்போகும் பால் வடியும். அது பட்டால் தோல் கொப்பளித்துவிடும், புகையும் அப்படியே. மூங்கில் கணுவுக்குக் கணு மூடியிருப்பதால் உள்ளே காற்று சூடேறிக் குண்டு போல் வெடிக்கும். லெமாங் சுடும்போது வெடிக்காததற்குக் காரணம், ஒரு பக்கம் திறந்திருப்பதுதான்.

பற்றவைக்கப் பெட்ரோல் ஊற்றும் பழக்கம் நம் ஆண்பிள்ளைகளிடம் இன்னும் போகவில்லை. பெட்ரோல் ஆவி தரையோடு பரவி நிற்கும், தீக்குச்சி கிழித்ததும் குழி மட்டுமல்ல, ஊற்றியவரின் காலும் பற்றும். அணைந்த மாதிரி இருக்கும் கங்கின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அதே ஆபத்து. பூஜை அறையில் இருக்கும் கற்பூரம் இரண்டு வில்லை போதும், ஈரக்காற்றிலும் பிடிக்கும். தோட்டத்தில் மங்கில் உறைந்த கட்டிப்பாலில் சிறு துண்டை வைத்து அடுப்பு பற்றவைத்தவர்கள் உண்டு. நன்றாகப் பிடிக்கும், ஆனால் கரும்புகையும் நாற்றமும் அடங்கி, கட்டை முழுவதும் தணலான பிறகே அதில் உணவு வைக்க வேண்டும். அடியில் சுள்ளி, அதன்மேல் விரல் தடிமன் குச்சி, பிறகே கட்டை. அவசரப்பட்டு முதலிலேயே பெரிய கட்டையைப் போட்டால் நெருப்புக்கு மூச்சு முட்டும்.

வாட்டுவது சுவாலையில் அல்ல, தணலில். சுவாலை மேலே கருக்கி உள்ளே பச்சையாக விடும். ஒரு மணி நேரம் கட்டை எரிந்து சிவந்த பிறகு, வாழையிலையில் சுற்றிய மீனையும் உமி உரிக்காத சோளத்தையும் ஓரத்தில் வைக்கலாம். மரவள்ளிக்கிழங்கைத் தோலும் உள்தோலும் நீக்கி, முழுக்க வேகும்வரை சுட வேண்டும். அரைவேக்காடாக உண்டால் அதிலுள்ள நச்சு தொல்லை கொடுக்கும்.

முகாமுக்குப் போகிறவர்கள் முதலில் இட உரிமையாளரைக் கேளுங்கள். வனக் காப்பகத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அங்கே நெருப்பு மூட்ட இடம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். தனியார் முகாம் தளங்கள் பலவற்றில் ஏற்கெனவே கருகிய இடம் இருக்கும். அதிலேயே மூட்டுங்கள், புதிதாய் ஒரு புல்தரையைக் கெடுக்க வேண்டாம்.

ஆற்றங்கரை அழகுதான். ஆனால் ஆற்றுப்படுகைக் கல்லை எடுத்து அடுப்புக் கட்டாதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடித்து முகத்தில் அடிக்கும். மணல்திட்டில் நெருப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது, மேலே மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி வரும் அபாயமும் உண்டு. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் சட்டியைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். கூடாரத்துக்கும் நெருப்புக்கும் 15 அடியாவது இடைவெளி இருக்கட்டும், காற்று கூடாரத்தின் பக்கம் வீசாதபடி பாருங்கள். நைலான் துணியில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மழை வந்துவிட்டது, குளிர்கிறது, கொசு கடிக்கிறது என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ காருக்குள்ளோ கொண்டு போகாதீர்கள். கேமரன் மலையில் தங்கும் அறைக்குள்ளும் அப்படியே. புகை இல்லாத கங்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர்களுக்குத் தலைவலிகூடத் தெரிய வராது, அப்படியே போய்விடுவார்கள். சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்பது நம்பத் தகுந்த பாதுகாப்பு அல்ல.

பிள்ளைகளுக்கு நெருப்பைச் சுற்றி மூன்றடிக்கு ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். அதைத் தாண்டிப் பெரியவர் ஒருவர் மட்டுமே போகலாம். சேலைத் தலைப்பு, துப்பட்டா, பாலியெஸ்டர் சட்டை இவை நெருப்பருகில் ஆபத்தானவை, பருத்தியில் உடுத்துவது நல்லது. உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். தீப்புண்ணுக்குக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, கிச்சாப், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். மருத்துவமனையில் தாதி அதைச் சுரண்டி எடுக்கும்போது படும் வலி தனி. கை, முகம், மூட்டு என்றாலும் உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றாலும் மருத்துவமனைக்குப் போங்கள். தீ கைமீறினால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

அணைப்பதற்கு ஒரு வாளி தண்ணீர் மூட்டுவதற்கு முன்பே பக்கத்தில் இருக்க வேண்டும். தூங்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே கட்டை போடுவதை நிறுத்துங்கள். எரிந்து முடிந்ததும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, குச்சியால் கிளறி, மறுபடியும் தெளியுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் ஆவி முகத்தில் அடிக்கும். வெறும் மண்ணைப் போட்டு மூடினால் கங்கு அடியில் உயிரோடு கிடக்கும், காலையில் செருப்பில்லாமல் வரும் குழந்தை அதன்மேல் கால் வைக்கும். சீறல் சத்தம் நின்று, புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோனால் சூடு தெரியாத நிலை வர வேண்டும்.

சாம்பலை அன்றைக்கே பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள், உள்ளே ஒளிந்திருக்கும் கங்கு ஒரு நாள்கூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் இரண்டு நாள் வைத்து ஆற்றுங்கள். சுத்தமான விறகின் சாம்பல் என்றால் வீண் போகாது. நம் மண் பெரும்பாலும் புளித்த மண் என்பதால் வாழை, கறிவேப்பிலை, மிளகாய்ச் செடிகளுக்கு ஒரு கைப்பிடி தூவலாம். செடியின் தண்டில் படாமல், சற்றுத் தள்ளி.